ரசம் சாரும் சுவருக்குள் இருந்த குழாயும்

கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கிக் குழாயில் அனுப்புகிற இந்த வளைகுடாவில், அந்தக் குழாயைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திறந்த ஒரே மனிதர் எங்கள் ரசம் சார்தான். எந்தப் பந்தயத்துக்கும் நான் தயார். நாங்கள் எல்லாரும் கேன் தண்ணீர்க்காரர்கள். வாசலில் காலி கேனை வைத்துவிட்டு, நிறைந்த கேனை இடுப்பு பிடிக்கத் தூக்கி உள்ளே வைக்கிற ஜாதி. அவருக்குக் கேனைக் கண்டாலே ஆகாது.

"கவர்மென்ட் கடலையே காய்ச்சி உங்க கிச்சனுக்கு அனுப்பி வைக்குது. நீங்க அதுல பாத்திரம் கழுவிட்டு, கடையில வேற தண்ணி வாங்கிக் குடிக்கறீங்க. அதோட மனசு என்ன பாடுபடும் சார்?"

"எதோட மனசு சார்?"

"தண்ணியோட மனசு."

பஹ்ரைனில், மனாமாவின் குதைபியா பகுதியில் ஒரு பழைய நாலு மாடிக் கட்டடத்தில் அப்போது நாங்கள் குடியிருந்தோம். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். சுவர் ஒரு முழம் தடிமன், கதவெல்லாம் பர்மாத் தேக்கு. சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று யாரும் கேட்டதில்லை. வாடகை குறைவு, இந்தியக் கடைகள் கீழேயே இருந்தன. அதற்குமேல் ஒரு கட்டடத்திடம் என்ன கேட்பது?

தரைத்தளத்தில் ஒன்றாம் நம்பர் வீடு ரசம் சாருடையது. கும்பகோணத்துக்காரர், மனாமா சூக் என்கிற கடைவீதியில் ஒரு துணிக்கடைக்குக் கணக்கர். அவருடைய நிஜப் பெயர் அவர் பாஸ்போர்ட்டில் இருந்தது. அந்தப் பாஸ்போர்ட்டை எங்களில் யாரும் பார்த்ததில்லை. மனைவி ஒரு தடவை விசிட்டில் வந்தார். ஜூலை மாத வெயிலைப் பால்கனியில் நின்று பார்த்தார். "நம்ம குடும்பத்துலேருந்து இதை அனுபவிக்க நீங்க ஒருத்தர் போதும்" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனவர்தான். அதிலிருந்து சார் தனியாகச் சமைத்தார், தனியாகச் சாப்பிட்டார். சமைத்ததில் ஒன்றை மட்டும் கட்டடம் முழுக்க விநியோகித்தார்.

ரசம். அதை அவர் வைத்தது ஈயச் சொம்பில். வெள்ளி மாதிரிப் பளபளக்கும், கனமான, மிருதுவான பாத்திரம். காலியாக அடுப்பில் வைத்தால் உருகி ஓடிவிடும். புளித்தண்ணீர் உள்ளே இருந்தால் ஒன்றும் ஆகாது. இதை ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த விதமே ஒரு கதை. லக்கேஜில் போட்டால் நசுங்கிவிடும் என்று கையிலேயே எடுத்து வந்தார். வழியில் கீறல் விழாமலிருக்க அதற்கு ஒரு குரங்குக் குல்லாய் மாட்டியிருந்தார். ஏர்போர்ட்டில் சோதனை அதிகாரி குல்லாயைக் கழற்றிப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டிருக்கிறார்.

"ரசம்."

"உள்ளே ஒன்றும் இல்லையே?"

"இனிமேல்தான்."

இதற்கு முன் ஒரு சொம்பு இருந்தது. அவர் வீட்டில் கொஞ்ச நாள் தங்கவந்த ஒரு நண்பர், வெந்நீர் வைக்கலாம் என்று அதைக் காலியாக அடுப்பில் ஏற்றிவிட்டு, அப்புறம் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் சொம்பு பர்னர் வழியாகக் கீழே போய்விட்டது. ரசம் சார் அவரைத் திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவரோடு ஹிந்தியில் மட்டுமே பேசினார். சொம்பை உருக்கியவனோடு தமிழ் எதற்கு என்பது வாதம். சாருடைய ஹிந்தி எப்படிப்பட்டதென்றால், தமிழ் வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'ஹை' வைத்தால் அது ஹிந்தி. நண்பர் வாரக் கடைசியில் வேறு ரூம் பார்த்துக்கொண்டார்.

தண்ணீர் பிடிப்பதிலும் சாருக்கு ஒரு முறை உண்டு. இங்கே கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். குழாயைத் திறந்து கை வைத்தால் தோல் உரியும். ஆனால் காலையில் திறந்ததும் முதலில் வருகிற கொஞ்சம் தண்ணீர் மட்டும் இதமாக இருக்கும், ராத்திரி முழுக்கச் சுவருக்குள் குழாயிலேயே ஆறிக் கிடந்தது அது. அந்தத் தண்ணீரைத்தான் சார் ஒரு குடத்தில் பிடித்து மூடி வைப்பார். "முதல் தண்ணி சார். ஃபர்ஸ்ட் குவாலிட்டி. அப்புறம் வர்றது செகண்ட்ஸ்." துணிக்கடைக் கணக்கர் அல்லவா.

அந்தத் தண்ணீரில் வைத்த ரசத்தோடு டம்ளரும் கையுமாக வந்து கதவைத் தட்டுவார். ஜுரமா, ரசம். வேலை போய்விட்டதா, ரசம். மாமியார் வந்திருக்கிறாரா, ரெண்டு டம்ளர் ரசம். அவர் கண்ணெதிரே குடித்து முடிக்க வேண்டும். என் மனைவி கீதா மட்டும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். "ஆறட்டும் சார்" என்று வாங்கி வைத்து, அவர் போனதும் ஜன்னலோர மணி பிளான்ட்டுக்கு ஊற்றிவிடுவாள். நான் குளியலறையில் இருப்பதாகக் குரல் கொடுத்துப் பழகியிருந்தேன். எங்கள் மாடியில் அந்த ரசத்தை ஆசையாகக் கேட்டு வாங்கிக் குடித்த ஆள் யாருமில்லை. கட்டடத்திலேயே ஒரே ஒருத்திதான்.

அவள் பெயர் ஆரணி. எங்களுக்கு ஒரு மாடி கீழே இருந்த சுகந்தியின் மகள், நாலு வயது. சுகந்தி யாழ்ப்பாணம், ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை. அவள் கணவன் ரவீந்திரனுக்கு ஹோட்டலில் ஷிஃப்ட் டூட்டி. கேஜி வேன் மத்தியானம் குழந்தையைக் கொண்டுவந்து விடும். சுகந்தி திரும்ப மூன்று மணிக்கு மேல் ஆகும். நடுவில் யார் பார்த்துக்கொள்வது? சூக் கடைகளுக்கு மத்தியான இடைவேளை உண்டு. காலையில் ஒரு டூட்டி, நாலு மணிக்கு மேல் இன்னொரு டூட்டி. அந்த இடைவேளையில் வீட்டில் சும்மா இருந்த ரசம் சார் தானாகவே முன்வந்தார்.

ஆரணி என்றால் பட்டுதானே என்று, அவளைப் 'பட்டு' என்றே கூப்பிட்டார். அவள் அவரை 'ரசம்' என்று கூப்பிட்டாள். அதுதான் அவர் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். "ரசம், கதவைத் திற" என்று வேனிலிருந்து இறங்கியதும் அவள் போடுகிற சத்தம் மூன்றாம் மாடியில் எங்களுக்குக் கேட்கும். குழையப் பிசைந்த சோற்றில் நெய் விட்டு, ரசம் விட்டு ஊட்டுவார். துணி வகைகளின் பெயரையெல்லாம் சொல்லிக்கொடுத்தார். நாலு வயதுக் குழந்தை என் சட்டையைத் தொட்டுப் பார்த்து, "இது பாலியெஸ்டர் மிக்ஸ், அங்கிள்" என்று சொல்லி என் மானத்தை வாங்கியிருக்கிறது.

அந்தப் பேச்சுதான் முதலில் குறைந்தது.

உடனே தெரியவில்லை. வயிற்று வலி என்று அழுதாள். சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். சின்ன விஷயத்துக்கெல்லாம் வீறிட்டாள். பிறகு ஒருநாள் கேஜி டீச்சர் சுகந்தியை அழைத்து, குழந்தை முன்பு சொன்ன பாட்டையெல்லாம் இப்போது சொல்வதில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றாள். மத்தியானங்களில் மாடிப்படியில் அந்தச் சத்தம் நின்றுபோயிருந்தது. சார் கவலைப்பட்டார். அவருக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார்.

"வயித்துக் கோளாறுதான்மா. ஒரு டம்ளர் கூடக் குடுக்கறேன், சரியாயிடும்" என்று சுகந்தியிடம் சொன்னார். கொடுக்கவும் செய்தார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் லெட் இருக்கிறது என்றார் டாக்டர். சாதாரணமாக இல்லை, ரொம்பவே இருக்கிறது என்றார். உடம்பில் அது எங்கிருந்தோ தினமும் போய்க்கொண்டிருக்கிறது. எங்கிருந்து என்று கண்டுபிடித்து நிறுத்தினால்தான் மருந்துக்கே வேலை என்றார். பொம்மையா, பெயின்டா, கண் மையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், குழந்தை எந்தப் பாத்திரத்தில் சமைத்ததைச் சாப்பிடுகிறது என்று கேட்டார்.

சுகந்தி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஒன்றாம் நம்பர் வாசலுக்கு வந்தாள். நானும் கீதாவும் கடைக்குப் போய்விட்டு அப்போதுதான் படி ஏறினோம்.

"சார், அந்தச் சொம்பு என்னத்தால செய்தது?"

"ஈயம்மா. ஏன்?"

"ஈயம் எண்டா லெட்தானே?"

ரசம் சார் சிரித்துவிட்டார். விஷயம் என்னவென்று அவருக்கு இன்னும் தெரியாது. "இல்லம்மா. இது வெள்ளீயம், டின்னு. லெட்டுங்கறது காரீயம். அது வேற, இது வேற."

"ரெண்டும் ஈயம்தானே சார்" என்றாள் சுகந்தி. குரலை உயர்த்தவில்லை. "என்ர பிள்ளையின்ர ரத்தத்தில லெட் கிடக்காம். டாக்டர் சொன்னவ."

சாரின் முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. எடுக்கத் தெரியாமல் நின்றது.

அதற்குப் பிறகு கட்டடம் செய்ததைச் சொல்ல வேண்டும். ரசத்தை மணி பிளான்ட்டுக்கும் வாஷ்பேசினுக்கும் ஊற்றியவர்கள் எல்லாருக்கும் திடீரென்று வயிற்று வலி வந்தது. நாலாம் மாடிக்காரர் தன் வழுக்கைக்குக் காரணம் கண்டுபிடித்துவிட்டார். இன்னொருவர், தனக்கு ப்ரமோஷன் வராததை இதோடு சேர்த்துப் பார்த்தார். எல்லார் வீட்டிலும் சாருடைய டம்ளர்கள் இருந்தன. அதை நேரில் கொடுக்க யாருக்கும் மனமில்லை. கழுவிக் கவிழ்த்து, அவர் கதவுக்கு வெளியே வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். கேன் காலியானால் வைப்பது போல.

சார் அந்த டம்ளர்களை உள்ளே எடுக்கவில்லை. என்னிடம் வந்தார்.

"சார், உங்ககிட்ட வண்டி இருக்கு. ஒரு லேப் இருக்காம், பாத்திரம், தண்ணியெல்லாம் டெஸ்ட் பண்ணுவாங்களாம். கூட்டிட்டுப் போறீங்களா? என் சொம்பு மேல பழி நிக்கக் கூடாது."

போனோம். ஒரு கையில் சொம்பு, இன்னொரு கையில் பிளாஸ்க். லேபில் இருந்தது ஒரு மலையாளப் பெண். சொம்பின் விளிம்பில் கொஞ்சம் வெட்டி எடுக்க வேண்டும் என்றாள். ஊரிலிருந்து குல்லாய் போட்டுக் கொண்டுவந்த சொம்பு. அவர் தயங்கவே இல்லை. "எவ்வளவு வேணும்னாலும் வெட்டும்மா" என்றார். பிளாஸ்க்கையும் நீட்டினார். "இதையும் பார்த்துடு. காலையில வச்சது. சொம்பு, ரசம் ரெண்டுக்கும் சேர்த்து ஒரு சர்டிபிகேட் குடு. கட்டடத்துல ஒட்டணும்."

ரிசல்ட் வாங்கப் போன அன்று சட்டை இஸ்திரி போட்டு வந்திருந்தார். அந்தப் பெண் ரிசல்ட்டைப் படித்துச் சொன்னாள். சொம்பில் லெட் இல்லை, சுத்தமான டின். சார் என் பக்கம் திரும்பி, வக்கீல் மாதிரி ஒரு பார்வை பார்த்தார். அவள் தொடர்ந்து படித்தாள். ரசத்தில் லெட் இருக்கிறது.

"இரும்மா. சொம்புல இல்லேன்னியே?"

"சொம்பில் இல்லா சார். ரசத்தில் உண்டு."

"சொம்புல இல்லாதது ரசத்துல எப்படிம்மா வரும்? பருப்புலயா? பெருங்காயத்துலயா?"

அவள் கொஞ்சம் யோசித்து, "வெள்ளம் ஏதாணு சார்?" என்று தண்ணீரைப் பற்றிக் கேட்டாள்.

மறுபடி போனோம். இந்தத் தடவை காலையில் பிடித்த தண்ணீரோடு. தண்ணீரிலேயே லெட் இருக்கிறது என்ற விடையை அவள் சொல்லும்போது கூடவே விளக்கமும் சொன்னாள். பழைய காலத்தில் தண்ணீர்க் குழாயையே காரீயத்தில் போடுவார்களாம். கொஞ்ச நேரம் திறந்துவிட்டுப் பிடித்தால் தண்ணீரில் அவ்வளவு சேராது. ராத்திரி முழுக்கக் குழாயிலேயே நின்ற தண்ணீர் இருக்கிறதே, காலையில் திறந்ததும் முதலில் வருவது, அதில்தான் ஊறி ஊறி அதிகம் இறங்கியிருக்கும். அதை மட்டும் யாரும் குடிக்கக் கூடாது.

சார் தலையாட்டிக்கொண்டு கேட்டார். நன்றி சொன்னார். வண்டியில் வந்து உட்கார்ந்தார். பெல்ட் போடச் சொன்னேன், போட்டார். ஏசி போட்டேன். சிக்னலில் நின்றபோது சொன்னார்.

"தேடித் தேடி நல்லதா எடுத்து வச்சுக் குடுத்தேன் சார்."



அன்று சாயங்காலம் அவரே இரண்டாம் மாடிக்குப் போய்ச் சுகந்தியிடம் சொன்னார். சொம்பில் இல்லை என்பதைச் சொல்லவே இல்லையாம். "தண்ணியில இருக்கு. நான்தான் குடுத்தேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பிறகு சுகந்தி கீதாவிடம் பேசினாள். "அவர்மேல எனக்குக் கோபம் இல்லை அக்கா. நானும் அந்தத் தண்ணியிலதானே சமைச்சனான். ஆனா அவரின்ர முகத்தைப் பார்க்க ஏலாமக் கிடக்கு." அந்த மாதமே அவர்கள் வேறு பகுதியில் வீடு பார்த்துப் போய்விட்டார்கள்.

மத்தியானங்களில் சாருக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவர் ரசம் வைப்பதையும் நிறுத்திவிட்டார். தண்ணீர் இலாகா ஆபீசுக்குப் போக ஆரம்பித்தார்.

இலாகாவிலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்த்தார். மரியாதையான மனிதர். தெருவிலிருந்து மீட்டர் வரைக்கும் குழாய் எங்களுடையது, அதை எப்போதோ மாற்றிவிட்டோம் என்றார். மீட்டருக்கு இந்தப் பக்கம் தனியார் சொத்து.

"தெருவுல இருக்கிற வரைக்கும் கவர்மென்ட் தண்ணி. சுவரைத் தாண்டினா ஓனர் தண்ணி. குழந்தை வயித்துக்குள்ள போனப்புறம் அது யார் தண்ணி சார்?" என்று ரசம் சார் கேட்டார். நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி கோபித்துக்கொள்ளவில்லை. இப்படிப்பட்ட பழைய கட்டடங்களுக்கு, தனியார் சொத்தாகவே இருந்தாலும், உள்ளே குழாய் மாற்றுகிற செலவை அரசாங்கமே ஏற்கிற ஏற்பாடு ஒன்று இருக்கிறது என்றார். ஒரு பைசா ஓனர் போட வேண்டாம். ஆனால் ஓனர்தான் கேட்க வேண்டும். குடியிருப்பவர்கள் கேட்டால் செல்லாது.

ஆக, பணம் தயாராக இருந்தது. விஷமும் தயாராக இருந்தது. நடுவில் ஒரு கையெழுத்து இல்லை.

ஓனர் முஹரக்கில் இருந்தார். எண்பதைத் தொடுகிற கிழவர். நாங்கள் பெரிய அர்பாப் என்போம். முதலாளிகளை இங்கே அப்படித்தான் சொல்வது. இளம் வயதில் பம்பாயில் வியாபாரம் செய்தவர். எங்களைவிட நல்ல ஹிந்தி பேசுவார். விருந்தாளிகள் வந்து உட்காருகிற பெரிய முன்னறைக்கு மஜ்லிஸ் என்று பெயர். அங்கே யாரும் போகலாம், யாரையும் வா என்பார்கள், காவா என்கிற அரபுக் காபி கொடுப்பார்கள். சார் மத்தியான இடைவேளைதோறும் பஸ் பிடித்துப் போய் அங்கே உட்கார ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமைகளில் என் வண்டியில்.

அரபுக் காவாவுக்கு ஒரு மரியாதை உண்டு. சின்னக் கிண்ணம். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். ஆட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். இது சாருக்குத் தெரியாமலில்லை, இத்தனை வருஷம் இங்கே இருந்தவர். ஆனால் ஆட்ட மாட்டேன் என்று முடிவு செய்திருந்தார். காவா ஊற்றுகிற பங்களாதேஷ்காரர் கூஜாவைத் தூக்கித் தூக்கிக் கை ஓய்ந்து, ஒருநாள் அவர் காதருகே குனிந்து, "பாய், ஹிலாவோ" என்று ஆட்டச் சொல்லிக் கெஞ்சினார்.

"நஹி ஹிலாயேகா. அர்பாப் கையெழுத்து போடேகா, தப் ஹிலாயேகா."

அர்பாப் கெட்டவரில்லை. "இன்ஷா அல்லா" என்பார். அந்தக் கட்டடத்தை இடிக்கத்தானே போகிறோம், எதற்கு இப்போது குழாய் என்பார். குழாய் மாற்ற வேண்டுமானால் சுவரை உடைக்க வேண்டும், எல்லாரும் காலி செய்ய வேண்டும், அதுவரை வாடகை யார் தருவார் என்பார். பேசி முடித்ததும் பேரீச்சம்பழத் தட்டைச் சார் பக்கம் நகர்த்துவார்.

இதற்குள் செய்தி எப்படியோ துணிக்கடை முதலாளிக்குப் போய்விட்டது. சாருக்கு விசா கொடுத்த கஃபீல் அவர்தான். கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக் கேட்டிருக்கிறார்.

"அந்தக் கட்டடம் உன் அப்பாவுடையதா?"

"இல்லை அர்பாப்."

"உன் குழந்தையா அது?"

"இல்லை அர்பாப்."

"அப்புறம் என்ன? கலாஸ், முடிந்தது. இனிமேல் அங்கே போகாதே. விசா புதுப்பிக்கிற நேரம் வருகிறது, ஞாபகம் வைத்துக்கொள்."

"கலாஸ் அர்பாப்" என்று சொல்லிவிட்டு, அன்று மத்தியானமே பஸ் ஏறி முஹரக் போய்விட்டார்.

அந்த மஜ்லிஸில் இன்னொருவர் இருந்தார். அர்பாபின் மூத்த மகன். நாற்பதைத் தாண்டியவர், தாடியில் நரை விழுந்துவிட்டது. பேச்சு வராது, ஏதோ ரெண்டு மூன்று வார்த்தை மட்டும். வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்கள் கழற்றிப் போடுகிற செருப்புகளை ஜோடி சேர்த்து வைப்பதுதான் அவர் வேலை. சில சமயம் ஜோடி மாறிப்போகும். மறுபடி எல்லாவற்றையும் கலைத்து முதலிலிருந்து சேர்ப்பார். சார் அங்கே போனால் வேண்டுமென்றே ஒரு செருப்பை ஒரு மூலையிலும் இன்னொன்றை எதிர்மூலையிலும் விட்டுவிட்டு வருவார். அவர் தேடிக் கண்டுபிடித்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள்.

நான் கூட இருந்த ஒரு வெள்ளிக்கிழமை. அர்பாபுக்கு அன்று அலுத்துப் போயிருக்க வேண்டும். "அந்தக் குழந்தை உனக்கு என்ன உறவு?" என்று கேட்டார்.

"கோயி நஹி. மாடி வீடு."

"பின்னே உனக்கு என்ன?"

சார் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "மை கிலாயா, அர்பாப்" என்றார். நான் ஊட்டினேன். அப்புறம், "பானி தும்ஹாரா. ஹாத் மேரா." தண்ணீர் உன்னுடையது, கை என்னுடையது. அவர் வாழ்நாளில் தப்பில்லாமல் பேசிய ஹிந்தி அதுதான் என்று நினைக்கிறேன்.

அர்பாப், குழந்தைக்கு என்ன செய்கிறது என்று கேட்டார். இத்தனை நாளில் அதை அவர் கேட்டதே இல்லை. சார் தன் ஹிந்தியில் தடுமாறினார், நான் உதவினேன். நன்றாகப் பேசிய குழந்தை. வார்த்தை ஒவ்வொன்றாகப் போய்விட்டது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறது.

"எந்த வீட்டில் குடித்தது?"

"ஒன்றாம் நம்பர். கீழ் வீடு."

கிழவர் வாசல் பக்கம் பார்த்தார். மகன் யாருடைய செருப்பையோ கையில் வைத்துக்கொண்டு அதன் ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"கல்யாணமான புதுசில் நாங்கள் அந்த வீட்டில்தான் இருந்தோம்" என்றார் அர்பாப். "இவன் அங்கேதான் பிறந்தான். பேசிக்கொண்டுதான் இருந்தான். டாக்டர் ஜுரம் என்றார்."

காவாக்காரர் கூஜாவோடு அப்படியே நின்றார்.

"இது அதனாலா?" என்று கிழவர் கேட்டார்.

"தெரியாது அர்பாப்" என்றார் சார்.

எனக்கும் தெரியாது. ஜுரமாகவும் இருக்கலாம். இவ்வளவு வருஷத்துக்குப் பிறகு அதை யாராலும் சொல்ல முடியாது. அர்பாப் பேனா கேட்டார். சார் கொண்டுபோயிருந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார், எங்களை வழியனுப்பக்கூட நிற்கவில்லை. சார் கிண்ணத்தை எடுத்து, மெதுவாக ஆட்டி, காவாக்காரரிடம் கொடுத்தார்.

அரசாங்கப் பணம் வந்தது. ஆட்கள் வந்தார்கள். எல்லாரையும் வீட்டைக் காலி செய்யச் சொல்லி அறிவிப்பும் வந்தது. முன்பு ரசத்தால் வயிற்று வலி வந்தவர்களுக்கெல்லாம் இப்போது சாரால் வீடு போயிற்று. "அந்த ஆளு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா நாம பாட்டுக்கு இருந்திருப்போம்" என்று நாலாம் மாடிக்காரர் என்னிடமே சொன்னார். "என்னத்தைக் குடிச்சிட்டு சார் இருந்திருப்போம்?" என்று கேட்டேன். "கேன்தானே வாங்கறோம்" என்றார்.

சுவரிலிருந்து எடுத்த குழாய்களை வெட்டித் தெருவோரம் போட்டிருந்தார்கள். சாம்பல் நிறத்தில், மாவு உருட்டினது மாதிரி வளைந்து கிடந்தன. இதற்கு இவ்வளவா என்று நினைக்கிற மாதிரிச் சாதாரணமாக இருந்தன. வேலை முடிந்தபிறகு கட்டடத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். வாடகை ஏறியது. பழைய குடித்தனக்காரர்களில் ஒருவர்கூடத் திரும்பப் போகவில்லை. போக முடியவில்லை. இப்போது அங்கே நல்ல தண்ணீர் வருகிறது. அதைக் குடிப்பவர்களுக்கு அது யாரால் வந்தது என்று தெரியாது.

கஃபீல் சொன்னபடியே செய்தார். சாருடைய விசா புதுப்பிக்கப்படவில்லை. ஊருக்குப் போவதற்கு முன் அவரை வற்புறுத்திக் கூட்டிப்போய் ரத்தம் எடுக்க வைத்தேன். கொஞ்ச நாளாகவே அவர் விரல்கள் பேனாவைப் பிடிக்கத் தடுமாறின. வயசு என்று சொல்லிக்கொண்டிருந்தார். வயசு இல்லை.

"எனக்கும் இருக்கு சார்" என்றார், ரிசல்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு. ஏதோ நியாயம் கிடைத்துவிட்ட முகத்தோடு சொன்னார்.

அவர் கிளம்பிய அன்று காலையில் என் வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தோம். எதிர்பாராமல் சுகந்தி வந்தாள், ஆரணியைக் கையில் பிடித்துக்கொண்டு. கீதா சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. குழந்தைக்கு மருந்து கொடுக்கிறார்கள், தனி வகுப்புக்குப் போகிறாள், போனதெல்லாம் திரும்பி வரும் என்று டாக்டர் சொல்லவில்லை என்றாள். சாரைப் பார்த்துத்தான் சொன்னாள். சார் கேட்டுக்கொண்டார்.

பிறகு கொஞ்சம் குனிந்து, "பட்டு" என்றார்.

குழந்தை அவரைப் பார்த்தது. யாரென்று தெரியவில்லை. சட்டென்று அம்மாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டது. சுகந்திக்குத் தாங்கவில்லை. "அம்மா, சாருக்கு டாட்டா சொல்லுங்கோ" என்று மகளை முன்னால் இழுத்தாள்.

"வேணாம்மா, விடு" என்றார் சார். வண்டியில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, அவர்கள் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். வண்டி கிளம்பியதும் என் தோளைத் தட்டினார்.

"பார்த்தீங்களா சார்? ஒளிஞ்சுக்கிட்டா. தெரியாத ஆளுன்னா ஒளியணும்னு தோணுது பாருங்க. முகத்தை வேற மூடிக்கிட்டா. மூளை வேலை செய்யுது சார். நல்லா வேலை செய்யுது."

ஏர்போர்ட் வரைக்கும் அதையேதான் வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஒவ்வொரு தடவையும் "ஆமா சார்" என்றேன். விமானத்துக்கு நிறைய நேரம் இருந்தது. வண்டியைக் கொஞ்சம் மெதுவாகவே ஓட்டினேன்.